பிளட் குரூப் வேற வேற, மாமன் பொண்ணக் கட்டலாமா?

அரூர்_பையன் | வெள்ளி, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், முதல் தடவையா எழுதறேன்.

எனக்கு 29. ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. வீட்டுல மாமன் பொண்ணப் பேசி முடிக்கறாங்க. அம்மாவோட கூடப் பொறந்த அண்ணன் பொண்ணு. பூ வெக்க நாள்கூடப் பார்த்தாச்சு. எனக்கும் வேணாம்னு இல்ல. ஒரே ஒரு உறுத்தல். எங்க பெரியம்மாவ அவங்க சொந்தத் தாய்மாமனுக்கே கட்டிக் குடுத்தாங்க. அவங்க பையன், எனக்கு அண்ணன் முறை, பொறவியிலயே காது கேக்காது.

இதச் சொன்னதும் மாமா என்னையும் பொண்ணையும் தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுக்க வெச்சார். எனக்கு ஓ பாசிட்டிவ், அதுக்கு பி பாசிட்டிவ். "வேற வேற ரத்தம், இனி ஒண்ணும் ஆகாது"ன்னு ரிப்போர்ட்ட சாமி படத்துக்குக் கீழ வெச்சு விளக்கேத்திட்டார். இது சரிதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, திட்டாதீங்க.

பாலக்கோடு_மண்டி | வெள்ளி, இரவு 10:40

இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி. எங்க தாத்தா அக்கா மகளக் கட்டினவர். எங்கப்பா அத்தை மகள. நான் மாமன் மகள. எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம், நானே தக்காளிக் கூடை ரெண்ட ஒண்ணாத் தூக்குவேன். சொந்தத்துல கட்டினா பொண்ணு கண்ணு முன்னாடி இருக்கும், நிலம் வெளிய போகாது. நாலு எழுத்து படிச்சதும் பயம் வந்துடுது.

பென்னாகரம்_லேப் | வெள்ளி, இரவு 11:25

//வேற வேற ரத்தம், இனி ஒண்ணும் ஆகாது//

ஊசி குத்தி ரத்தம் எடுக்கறதுதான் எனக்குப் பொழப்பு. இந்த வரிய எங்க லேப்ல அடிக்கடி கேக்கறேன். இதுக்கு நேர் எதிரா "ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பாம், சம்பந்தம் வேணாம்னுட்டாங்க"ன்னு அழுதுட்டு வர்றவங்களும் உண்டு. ரெண்டுமே தப்பு.

ரத்த குரூப்ங்கறது செவ்வணு மேல ஒட்டியிருக்கற ஒரு சர்க்கரை வகை. ஜீன்கள அடுக்கி வெச்சிருக்கற இழைதான் குரோமோசோம்; 9வது குரோமோசோம்ல இருக்கற ஒரே ஒரு ஜீன் அத முடிவு பண்ணுது. பொறவிக் காது கேளாமைக்கு அதிகமாக் காரணமாகிற ஜிஜேபி2 ஜீன் 13வது குரோமோசோம்ல இருக்கு. பரம்பரையா வர்ற ரத்த வியாதிங்களான சிக்கிள் செல்லுக்கும் பீட்டா தலசீமியாவுக்கும் காரணமான ஜீன் 11வதுல. 9ஐப் பார்த்துட்டு 13ல ஒண்ணும் இல்லன்னு சொல்றது, ராயக்கோட்டையில தக்காளி விலை விசாரிச்சுட்டு மொரப்பூர்ல ரயில் எத்தனை மணிக்குன்னு முடிவு பண்ற மாதிரி.

இன்னும் சுலபமாச் சொல்றேன். ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்த அண்ணன் தம்பியில ஒருத்தனுக்கு ஓ, இன்னொருத்தனுக்கு பி வரும். குரூப் வேறங்கறதுக்காக அவங்க ஒட்டு உறவு இல்லன்னு ஆயிடுமா? ஆகாதுல்ல. அப்ப உனக்கும் மாமன் பொண்ணுக்கும் மட்டும் எப்படி ஆகும்?

குரூப் பார்க்கறதுல உருப்படியான விஷயம் ஒண்ணு இருக்கு. பொண்ணுக்கு நெகட்டிவ், பையனுக்கு பாசிட்டிவ்னா, கர்ப்பம்னு தெரிஞ்சதும் டாக்டர்கிட்ட சொல்லிடணும். ஆன்டி டி ஊசி போட்டா அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராது. உங்க ரெண்டு பேருக்கும் பாசிட்டிவ், அந்தக் கதையே இல்ல.

சின்னதா ஒரு கிளைக்கதை. அப்பா ஓ, அம்மா ஓ, பையன் ஏ. அந்த வீட்டுல ஒரு பொம்பளைய எத்தனை நாள் அழ வெச்சாங்கன்னு எனக்குத் தெரியும். திரும்ப டெஸ்ட் பண்ணினா அப்பாவுக்கு ஏ. பள்ளிக்கூடத்துல என்னைக்கோ தப்பா எழுதின கார்ட வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை கூத்தும். கார்டு சரியா இருந்தாலும்கூட, 1952ல பம்பாயில கண்டுபிடிச்ச பாம்பே குரூப்னு ஒண்ணு இருக்கு. அது சாதாரண டெஸ்ட்ல ஓ மாதிரியே காட்டும், ஆனா உள்ளுக்குள்ள ஏ, பி ஜீன் ஒளிஞ்சிருக்கலாம். ரத்த குரூப்ப வெச்சு யாரோட நடத்தையையும் அளக்காதீங்க.

கிருஷ்ணகிரி_வாத்தியார் | சனி, காலை 6:05

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகும் வாய் நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோம். பழமொழியில் பாதிதான் இருக்கிறது. சேலைக்குப் பாவு ஒன்று, ஊடை ஒன்று. நம் உடம்பும் அப்படித்தான். 23 ஜோடி குரோமோசோம், ஜோடியில் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. அதில் ஏறத்தாழ 20,000 ஜீன்கள். ஏறக்குறைய எல்லா ஜீனும் இரண்டு பிரதி.

இரண்டு திரி போட்ட விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு திரி அணைந்தாலும் வெளிச்சம் இருக்கும். விளக்கைப் பார்த்து ஒரு திரி அணைந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவரைத்தான் கேரியர் என்கிறார்கள். நோயாளி இல்லை. உங்களிடமும் என்னிடமும் இப்படி அணைந்த திரிகள் சில உண்டு. உலகத்தில் இல்லாதவர் யாரும் இல்லை.

ஒரே ஜீனில் ஒரு திரி அணைந்த இருவர் சேர்ந்தால்தான் சிக்கல். குழந்தைக்கு இரண்டு பக்கமும் அணைந்த திரியே வந்து சேர 4ல் 1 வாய்ப்பு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் காசை மறுபடி சுண்டுகிறோம். சுண்டிய காசுக்குப் போன தடவை என்ன விழுந்தது என்று நினைவிருக்காது.

வெளியில் பெண் எடுத்தால் அந்த வீட்டில் அணைந்திருப்பது பெரும்பாலும் வேறு திரியாக இருக்கும். சொந்தத்தில் எடுத்தால் ஒரே தாத்தாவின் அணைந்த திரி இரண்டு வழியாக வந்து ஒரே குழந்தையிடம் சேரலாம். தாய்மாமனும் அக்கா மகளும் ஜீனில் நாலில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பெரியப்பா மகள் நமக்குத் தங்கை முறை, நினைத்தாலே பாவம். மாமன் மகள் கட்டிக்கொள்ளும் முறை. முறை என்பது நாம் போட்ட கோடு. ஜீனுக்கு அந்தக் கோடு தெரியாது. இருவரோடும் நமக்கு அதே எட்டில் ஒரு பங்குதான். பங்காளி வீட்டில் எடுக்கக்கூடாது, ஒரே குலதெய்வம் ஆகாது என்று ஆண் வழியை மட்டும் கவனமாக அடைத்துவிட்டு, அம்மா வழிக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உறவே இல்லாத தம்பதிக்கும் 100ல் 2, 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை ஏதாவது இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் என்றால் அதோடு இன்னும் 2 அளவுக்குக் கூடும். 100ல் 95 குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. ஆனால் இது குடும்பத்தில் எந்தக் குறையும் தெரியாதவர்களுக்கான பொதுக் கணக்கு. தம்பி வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், ஆகவே தம்பிக்குத் தனிக் கணக்கு.

தம்பி, பெரியம்மாவைக் கட்டிய தாய்மாமன் யாருடைய தம்பி? வம்ச வரிசையை எழுதி அனுப்புங்கள்.

பாலக்கோடு_மண்டி | சனி, காலை 8:30

வாத்தியாரே, 100ல 95 நல்லாப் பொறக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு இவ்ளோ நீட்டம்? எங்க வீட்டுல மூணு தலைமுறை கட்டியிருக்கோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அதுக்கு என்ன சொல்றீங்க?

சித்தேரி_நர்ஸ் | சனி, மதியம் 2:15

அண்ணா, கோவிச்சுக்காதீங்க. மலை மேலயும் கீழயும் பிரசவம் பார்த்தவ நான். உங்க வீட்டுல வயசான ஆயா இருந்தா ரெண்டு கேள்வியத் தனித்தனியாக் கேளுங்க. "எத்தனை பெத்தீங்க?" அப்புறம் கொஞ்சம் விட்டு, "எத்தனை தங்குச்சு?" எட்டு பெத்து அஞ்சு தங்கின ஆயாவத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன். அந்த மூணு எதனால போச்சுன்னு யாரும் பார்க்கல. தோஷம்னாங்க, காத்து கருப்புன்னாங்க. காய்ச்சல்ல போனது பாதி இருக்கும், இதுல போனது எத்தனையோ. இப்ப நிக்கறவங்கள மட்டும் எண்ணினா எல்லாரும் கல்லு மாதிரித்தான் தெரிவாங்க.

//ஒரு திரி அணைஞ்சவர்//

சில வியாதிக்கு இத முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கு. 2023 ஜூலைல தொடங்கின தேசிய சிக்கிள் செல் திட்டம் மலைவாழ் மக்களுக்காகன்னு வந்தது. ஆனா எச்பிஎல்சிங்கற ரத்த டெஸ்ட யார் வேணா எடுக்கலாம், அதுல சிக்கிள் செல் கேரியர், பீட்டா தலசீமியா கேரியர் ரெண்டும் பெரும்பாலும் தெரிஞ்சுடும். ஒரே ஒரு குழாய் ரத்தம். ஜாதகத்துக்குக் குடுக்கற காசவிட அதிகம் ஆகாதுன்னு நான் கிண்டலுக்குச் சொல்றது. கேரியர்னு வந்தா ஒளிக்காதீங்க, அது வியாதி இல்ல.

சந்தூர்_ஒட்டுக்கன்னு | சனி, மாலை 4:50

நான் படிக்காதவன், மாங்கன்னு நர்சரி வெச்சிருக்கேன். எங்களுக்கு இதெல்லாம் கையில இருக்கற பாடம். நல்ல அல்போன்சாக் கொட்டையப் புதைச்சா அல்போன்சா வராது, என்னவோ ஒண்ணு வரும். புளிப்போ, நாரோ, அதிர்ஷ்டமிருந்தா தேனோ. அதனாலதான் ஒட்டுக் கட்டறோம். ஒட்டுக்கன்னுங்கறது அந்தத் தாய்மரமேதான், வேற வேரு மேல நிக்குது, அவ்ளோதான். மனுஷப் புள்ள ஒட்டுக்கன்னு இல்ல, கொட்டையில முளைச்சது. ரெட்டைப் புள்ளையில ஒரே மாதிரி இருக்கறது மட்டும் ஒட்டுக்கன்னு மாதிரி.

இன்னொண்ணு. எங்க பக்கம் ஆடு வளக்கறவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் கிடா மாத்திடுவாங்க. அதே கிடாவ அதோட குட்டிங்களுக்கே விட்டா குட்டி சோப்ளாங்கியாப் போகும்னு எங்கப்பாவுக்கே தெரியும். அதே அப்பா என் தங்கச்சிய என் தாய்மாமனுக்குக் குடுத்தார். கேட்டா "ஆடு வேற, மனுஷன் வேற".

பாலக்கோடு_மண்டி | சனி, மாலை 5:10

ஆட்டையும் மனுஷனையும் ஒண்ணா வெக்காதீங்க. [மீதி நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | சனி, மாலை 5:32

சாதிப் பேரச் சொல்லி எழுதின வரிய எடுத்துட்டேன். விஷயத்தப் பேசுங்க.

காரிமங்கலம்_சிவா | சனி, இரவு 7:20

இழைக்குக் கொஞ்சம் சம்பந்தமில்லாத கேள்விதான். எங்க தாத்தா, அப்பா, நான், என் அக்கா எல்லாருக்கும் பல்லு காவி. பொண்ணு பார்க்கப் போன இடத்துல "இது பரம்பரைப் பல்லா?"ன்னு கேட்டாங்க. என்ன சொல்லணும்னே தெரியல. அதுவும் அணைஞ்ச திரியா?

கிருஷ்ணகிரி_வாத்தியார் | சனி, இரவு 8:45

சம்பந்தம் நிறைய இருக்கிறது. வகுப்பில் நான் முதலில் சொல்லும் உதாரணமே நம் மாவட்டத்துப் பல்தான்.

குடும்பத்தில் வருவதெல்லாம் ஜீனில் வருவதில்லை. உங்கள் தாத்தாவும் அப்பாவும் நீங்களும் பகிர்ந்தது ஒரே போர்வெல் தண்ணீரை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கும் தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் கெட்டுப்போய் வெளியே வரும்போதே கறையோடு வரும். இரண்டு சோதனை உண்டு. ஒன்று, கல்யாணம் ஆகி வெளியூரிலிருந்து வந்த உங்கள் அம்மாவுக்குப் பல் எப்படி? இரண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்ததே, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல் எப்படி? பரம்பரையாக இருந்தால் குழாயை மாற்றினால் மாறக்கூடாது அல்லவா?

காரிமங்கலம்_சிவா | சனி, இரவு 9:02

அம்மா சேலம். பல்லு வெள்ளை. அக்கா பையன் பொறந்ததுல இருந்து ஒகேனக்கல் தண்ணிதான், அவனுக்கும் வெள்ளை. அடப் போங்கய்யா, ரெண்டு சம்பந்தம் போச்சு இதனால.

கெலமங்கலம்_குமார் | சனி, இரவு 9:30

அப்ப இதையும் சொல்லுங்க சார். எங்க தாய்மாமனுக்கு சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியாது. எனக்கும். வேலைக்கு எடுக்கறப்ப கண் டெஸ்டுல வெளிய அனுப்பிட்டாங்க. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, தங்கச்சிக்கும் இல்ல. இது தண்ணியா, ஜீனா?

சித்தேரி_நர்ஸ் | சனி, இரவு 9:55

இது ஜீன் தம்பி. எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொண்ணுக்கு எக்ஸ் ரெண்டு, பையனுக்கு ஒண்ணுதான், அந்த ஒண்ணும் அம்மா குடுத்தது. வாத்தியார் சொன்ன ரெண்டு திரி விளக்குல இந்த இடத்துல ஆம்பளைக்கு மட்டும் ஒரே திரி. அதான் மாமனுக்கும் மருமகனுக்கும் வருது, நடுவுல அம்மாவுக்குத் தெரியாமப் போகுது. ரத்தம் உறையாத ஹீமோபிலியாவும் இதே வழிதான்.

எக்ஸ் பத்தி வந்ததால ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அம்மாகிட்ட இருக்கறது எக்ஸ் மட்டும்தான். பையனா பொண்ணாங்கறது அப்பா குடுக்கறது ஒய் குரோமோசோமா எக்ஸாங்கறதுல இருக்கு, ஒய் வந்தா பையன். "பொட்டையாப் பெத்துப் போடறா"ன்னு மருமகள அடிச்ச ஊரு இது. 1992ல சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்த 2001ல நம்ம தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்ததுன்னா பாருங்க. அந்தத் தொட்டில்ல போட்ட பொண்ணுங்க எல்லாம் அப்பன் குடுத்த எக்ஸோட பொறந்ததுங்க.

தேன்கனிக்கோட்டை_வாணி | ஞாயிறு, காலை 10:20

ரெண்டு நாளா எல்லாரும் ஜீன், கிடா, மாங்கொட்டைன்னு பேசிட்டிருக்கீங்க. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டீங்களா? ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போனீங்க, என்ன படிக்குது, கட்டிக்க சம்மதமான்னு ஒரு வரி இல்ல.

அரூர்_பையன் | ஞாயிறு, மதியம் 1:40

அக்கா, நியாயமான கேள்வி. பி.எட். முடிச்சிருக்கு. நேத்து நானே போன் பண்ணினேன். "காது விஷயம் எனக்கும் உறுத்துது, அப்பாகிட்ட சொல்ல முடியல, நீ கேட்டது நல்லதாப் போச்சு"ன்னுச்சு. கட்டிக்கறதப் பத்தி "முதல்ல இது தெரியட்டும்"னு நிறுத்திடுச்சு.

வாத்தியார் கேட்ட வரிசை: எங்க ஆயாவும் அவங்க தம்பியும் கூடப் பொறந்தவங்க. ஆயாவுக்கு மூணு புள்ளைங்க: பெரியம்மா, மாமா, எங்கம்மா. ஆயாவோட தம்பிக்கு, அதாவது எங்க சின்னத் தாத்தாவுக்கு, பெரியம்மாவக் கட்டிக் குடுத்தாங்க. அவரத் தாத்தான்னு கூப்பிடறதா பெரியப்பான்னு கூப்பிடறதான்னு எங்க வீட்டுல இன்னும் தீர்ப்பு வரல. அவங்க பையன்தான் காது கேக்காத அண்ணன்.

கிருஷ்ணகிரி_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:15

நன்றி தம்பி. வரிசை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அண்ணனுக்கு இரண்டு திரியும் அணைந்தவை என்று வைத்துக்கொண்டால், சின்னத் தாத்தாவும் பெரியம்மாவும் கட்டாயம் கேரியர்கள். அக்கா மகளுக்கும் தாய்மாமனுக்கும் ஒரே அணைந்த திரி என்றால் அது ஆயாவின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே ஆயாவும் கேரியர். ஆயாவின் மற்ற இரண்டு பிள்ளைகளான உங்கள் மாமாவும் அம்மாவும் கேரியராக இருக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த தலைமுறையில் அதிலும் பாதி. உங்களுக்கு 4ல் 1, பெண்ணுக்கு 4ல் 1. இருவருமே கேரியராக இருக்க 16ல் 1. அப்படி இருந்தால் குழந்தைக்கு வர 4ல் 1. பெருக்கினால் 64ல் 1.

உங்கள் அக்காவுக்கு மகள் இருந்து, அவளை உங்களுக்குப் பேசியிருந்தால் இதே கணக்கு 64ல் 1. என்ன, இன்னும் நெருங்கிய சொந்தமாயிற்றே, எண் கூடவில்லையே என்று பார்க்கிறீர்களா? திரி ஆயாவிடமிருந்து உங்கள் அம்மா வரைக்கும் ஒரே பாதையில் வருகிறது, அம்மாவுக்குப் பாதி வாய்ப்புத்தான். அம்மா கேரியர் என்று உறுதியாகத் தெரிந்தால் அது 32ல் 1 ஆகிவிடும். யாரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்துத்தான் எண் மாறும். வெறும் "சொந்தம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எண் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் இந்த 64ல் 1ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதே இல்லை. முதலில் அண்ணனின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இதைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள், கல்யாணம் செய்யப்போகும் இருவரையும் முதலில் சோதிக்கிறார்கள். காது கேளாமைக்குக் காரணமான ஜீன்கள் நூற்றுக்கு மேல். எதைத் தேடுவது என்று தெரியாமல் வைக்கோல் போரில் ஊசி தேடக்கூடாது. அண்ணனிடம் திரியை அணைத்த பிழை எந்த ஜீனில், எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், உங்களிடமும் பெண்ணிடமும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இருவரில் ஒருவரிடம் அது இல்லை என்றாலும் இந்தப் பயம் போயிற்று. வேலூர் சிஎம்சியில் மரபியல் துறை இருக்கிறது. ஓசூரில் இருக்கும் உங்களுக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இன்னும் பக்கம்.

பாலக்கோடு_மண்டி | ஞாயிறு, இரவு 8:00

வாத்தியாரே ஒரு சந்தேகம், நெசமாத்தான் கேக்கறேன். வெளி சொந்தம், ஆனா நம்ம ஆளுங்க. அப்படிக் கட்டினா இந்தத் தொல்லை இல்லதானே? என் பொண்ணுக்குப் பார்க்கறேன்.

கிருஷ்ணகிரி_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:10

குறையும் ஐயா, பூஜ்யம் ஆகாது. ஒரு கூட்டம் சில குடும்பங்களிலிருந்து பெருகி, பல நூறு வருடம் தமக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தால், உறவு தெரியாத இருவரும் தூரத்து உறவுதான். 2017ல் ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையமும் அமெரிக்காவின் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவில் 263 சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்களில் இந்த நெருக்கம், இதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி எனும் ஐரோப்பிய யூதர்களையும் மிஞ்சியது. தென்னிந்தியாவில் ஒரு வணிக சமூகத்தில், அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடம்பால் உடைக்க முடியாமல் மூச்சு திரும்ப நேரமாகும் குறை அதிகம். அந்தச் சமூகம் என்று தெரிந்தால் மயக்க டாக்டர்கள் அந்த ஊசியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பேர் சொன்னால் மட்டுறுத்துநர் என் பதிவையும் எடுத்துவிடுவார்.

பெண்ணுக்கு வரும் மாப்பிள்ளையோடு எச்பிஎல்சி டெஸ்ட் மட்டும் பார்த்துவிடுங்கள். நர்ஸ் அம்மா சொன்னதுதான்.

அரூர்_பையன் | புதன், இரவு 11:05

ஐயா, கணக்கு மாறிடுச்சு.

ஆயாகிட்ட உக்காந்து வரிசையத் திரும்பக் கேட்டேன். பாக்கு இடிச்சுக்கிட்டே சாவகாசமாச் சொல்றாங்க, "உங்க அத்தை மட்டும் அசலா? அவளும் எங்கண்ணன் மகதான்". எனக்குத் தலை சுத்திருச்சு. மாமா கட்டினவங்களும் ஆயாவோட கூடப் பொறந்த அண்ணன் பொண்ணு. இத்தனை வருஷமா அத்தை அத்தைன்னு கூப்பிட்டும் எனக்கு இது தெரியாது.

கிருஷ்ணகிரி_வாத்தியார் | வியாழன், காலை 5:50

என் கணக்கை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பெண்ணுக்கு அந்தத் திரி இரண்டு வழியாக வரலாம்: மாமா வழியாக 4ல் 1, அத்தை வழியாக 8ல் 1. பெண்ணுக்குக் காது கேட்கிறது, ஆகவே இரண்டு வழியாகவும் வந்திருக்க முடியாது. அதைக் கழித்தால் அவள் கேரியராக இருக்க 31ல் 10, ஏறக்குறைய மூன்றில் ஒன்று. குழந்தைக்கு 64ல் 1 என்று நான் சொன்னது ஏறக்குறைய 50ல் 1 ஆகிறது. ஆயாக்களைக் கேட்காமல் கணக்குப் போடக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மத்தூர்_தையல் | வியாழன், மாலை 6:30

நான் இங்க எழுதலாமான்னு யோசிச்சேன். எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே பொறவியில இருந்து காது கேக்காது. எனக்கும் தம்பிக்கும் நல்லாக் கேக்கும். ஊர்ல எல்லாரும் சாமி புண்ணியம்னாங்க. டாக்டர்தான் சொன்னார், அப்பாவுக்கு ஒரு ஜீன்ல கோளாறு, அம்மாவுக்கு வேற ஜீன்ல. அப்பாகிட்ட அணைஞ்ச இடத்துல எங்களுக்கு அம்மாவோட திரி எரியுது, அம்மாகிட்ட அணைஞ்ச இடத்துல அப்பாவோடது. ரெண்டு பேருக்கும் ஒரே ஜீனா இருந்திருந்தா எங்க ரெண்டு பேருக்குமே கேட்டிருக்காது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த அண்ணன் ரத்தத்த எடுக்கப் போறீங்க, அவர்கிட்ட என்ன சொல்லி எடுப்பீங்க? "உன்ன மாதிரி ஒருத்தன் பொறந்துடக் கூடாது, அதுக்கு உன் ரத்தம் வேணும்"னா?

அரூர்_பையன் | ஞாயிறு, இரவு 9:20

மூணு நாளா இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தெரியாமத்தான் வராம இருந்தேன்.

இன்னைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அரூர்ல செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கான். எனக்கு அவனோட சைகை அரைகுறைதான், அதனால கையால பாதி, வாட்ஸ்அப்ல பாதி. எல்லாத்தையும் ஒளிக்காம எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் போனையே பார்த்துட்டிருந்தான். அப்புறம் எழுதினான்: "உனக்கு லாபம். எனக்கு என்ன லாபம்?"

நான் முழிச்சேன். அவனே அடுத்ததையும் எழுதினான். அவனுக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்காங்களாம், காவேரிப்பட்டணம், அந்தப் பொண்ணுக்கும் காது கேக்காது. எங்க யாருக்குமே இன்னும் சொல்லல. நான் மத்தூர் அக்கா எழுதினதக் காட்டினேன். ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்தா உங்க புள்ளைங்களுக்குக் கேக்குமா கேக்காதான்னு ஓரளவு முன்னாடியே தெரியும், கேக்காதுன்னா பொறந்ததும் டெஸ்ட் பண்ணி சீக்கிரமே வைத்தியம் தொடங்கலாம்னு எழுதினேன். படிச்சுட்டு சிரிச்சான். "கேக்கலன்னா என்ன, எங்க ரெண்டு பேருக்கும் பேசத் தெரியுமே. கேட்டாத்தான் கஷ்டம், ராத்திரி அழுதா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சித்தேரி_நர்ஸ் | ஞாயிறு, இரவு 9:48

அதுக்குக் கருவி இருக்குன்னு சொல்லுங்க. குழந்தை அழுதா தலகாணிக்கு அடியில அதிரும், லைட் எரியும்.

அரூர்_பையன் | ஞாயிறு, இரவு 10:30

சொல்லிட்டேன் அக்கா. என்ன விலைன்னு கேக்கறான்.

வர்ற செவ்வாய் லீவு போட்டிருக்கேன். அண்ணன், காவேரிப்பட்டணத்துப் பொண்ணு, மாமன் பொண்ணு, நான், நாலு பேரும் ஓசூர்ல இருந்து பெங்களூரு போறோம். பூ வெக்கறதத் தள்ளி வெச்சதுல மாமா என்கூடப் பேசறதில்ல. சாமி படத்துக்குக் கீழ அந்த ரிப்போர்ட் இன்னும் அப்படியேதான் இருக்கு.